இணையமும் அயலூர் வாழ்க்கையும்

பிழைப்பை நாடியோ உத்தியோகத்தை முன்னிட்டோ சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறியவர்களுக்கு ஊர்ச் செய்தி என்பது உணவுக்கு அடுத்த தேவையாகும். ஒரு காலத்தில் அச்செய்தி தபால்காரரின் பையில் வந்தது. திருநெல்வேலியில் எழுதிய உள்நாட்டுக் கடிதம் தில்லியை வந்தடையப் பல நாட்கள் ஆகும். வீட்டில் ஒருவர் அதை உரக்கப் படிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பர். இடம் போதாமல் மடிப்பின் ஓரத்தில் நெருக்கி எழுதிய கடைசி வரிக்காகக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும் உண்டு. அவசரச் செய்தியானால் தந்தி வரும். தந்தி கொணர்பவரை வாசலில் கண்டதுமே நெஞ்சு பதறும். ஏறத்தாழ 160 ஆண்டுகள் நடைபெற்ற அத்தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிறுத்தப்பட்டது. அதற்காக வருந்தியவர்கள் பலர் உண்டு. அதனால் செய்தியின்றித் தவித்தவர்கள் மிகச் சிலரே. தந்தியின் இடத்தை இணையமும் கைப்பேசியும் முன்னரே பற்றிக்கொண்டுவிட்டன.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கியது. அன்றைய பம்பாய், தில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் தொலைபேசிக் கம்பியின் வழியாக அது கிடைத்தது. கட்டணமோ மிகுதி, வேகமோ குறைவு. அலுவலகங்களுக்கும் செல்வர்க்கும் உரியதாகவே அது பல ஆண்டுகள் இருந்தது. 2016-ஆம் ஆண்டுக்குப் பின் கைப்பேசிகளில் அதன் விலை வெகுவாகச் சரிந்தது. இன்று கட்டடத் தொழிலாளியும் காய்கறி விற்பவரும் அலுவலக அதிகாரியும் ஒரே இணையத்தின் மூலமாகத் தத்தம் ஊரைக் காண்கின்றனர்.

அதனால் நாம் பெற்ற நன்மைகள் சிறியவை அல்ல. தொடக்கத்தில் இணையத்தில் தமிழ் எழுதுவதற்கே இடையூறு இருந்தது. ஒவ்வொரு பத்திரிகையும் தனித்தனி எழுத்துருவைக் கையாண்டது. ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம், அதே எழுத்துரு இல்லாத மற்றொருவரின் கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. மொழிகள் பலவற்றின் எழுத்துகளுக்கும் பொதுவான எண்களை வகுத்தளித்த ஒருங்குறி முறை பரவிய பின்னரே அவ்விடர் நீங்கிற்று. தமிழ்நாட்டு அரசு அம்முறையை 2010-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. இதற்கிடையே, 1998-இல் தோன்றிய மதுரைத் திட்டம் தொண்டர்களின் உழைப்பால் தமிழ் இலக்கியங்களைத் தட்டெழுதி விலையின்றி வழங்கலாயிற்று. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. ஒரு தமிழ் நூலுக்காகக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் நாளை எதிர்பார்த்திருந்த குடும்பங்களுக்கு இவை எத்தகைய பேறு என்பதை வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, தொலைவில் இருந்தவர்களுங்கூட உதவி வேண்டுவோரின் முகவரிகளை இணையத்தில் திரட்டி, அருகிலிருந்த தொண்டர்களுக்கு அறிவித்தனர்.

எனினும், புதிய வசதி எதுவும் தனியே வருவதில்லை. ஒரு புதிய பழக்கத்தையும் உடன் அழைத்தே வருகிறது. கடிதம் எழுதியவர் இன்னார் என்பது நமக்குத் தெரியும். அதில் கண்டதைப் பிறருக்குத் தெரிவிக்க வேண்டுமானால் நாமே எழுத வேண்டும். எழுதும்போது சிறிதேனும் யோசிப்போம். இன்றோ செய்தியை எழுதியவர் யார் என்று தெரிவதில்லை. அனுப்பியவர் மாத்திரமே தெரிகிறார். அனுப்பியவர் நம் மாமா அல்லது நம்மோடு படித்தவர். ஆதலின் அவர்மீது நாம் கொண்ட நம்பிக்கையை, அவரே அறியாத ஒருவர் எழுதிய செய்திக்கும் அளித்துவிடுகிறோம். விரலால் ஒருமுறை தொட்டதும் அது நம் பெயரையும் சேர்த்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறது.

இப்பழக்கத்தின் தீமை எல்லோரையும் தாக்கும். ஆயினும் சொந்த ஊரை விட்டு வந்து வாழ்பவர்களை அது முதலில் தாக்குகிறது. 2012-ஆம் ஆண்டு ஜூலையில் அஸ்ஸாமின் கோக்ரஜார் பகுதியில் கலவரம் நிகழ்ந்தது. அடுத்த மாதமே, பெங்களூரில் வேலை பார்த்தும் படித்தும் வந்த வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவர் என்னும் வதந்தி குறுஞ்செய்திகளில் கிளம்பியது. வேறு நாடுகளில், வேறு சந்தர்ப்பங்களில் எடுத்த படங்கள் இணையத்தில் அதற்குச் சாட்சியாக உலவின. சில நாட்களுக்குள் பல்லாயிரம் பேர் வேலையையும் படிப்பையும் விட்டுக் குவஹாத்திக்கு ரயிலேறினர். ரயில்வே தனி வண்டிகள் விடும்படியாயிற்று. குறுஞ்செய்திகளை மொத்தமாக அனுப்புவதற்கு மத்திய அரசு 15 நாள் தடை விதித்தது.

2018-ஆம் ஆண்டில் பிள்ளை பிடிப்போர் வந்திருப்பதாக ஒரு வதந்தி நாடெங்கும் பரவியது. மோட்டார் சைக்கிளில் வந்து குழந்தையைத் தூக்கிச் செல்லும் காட்சி ஒன்று அதனோடு சுற்றியது. அக்காட்சி கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புப் பிரசாரத்திற்காக எடுக்கப்பட்ட படத்தின் ஒரு துண்டு. குழந்தை திருப்பி ஒப்படைக்கப்படும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டனர். அவ்வாண்டு ஜூலை முதல் நாள், மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தைச் சேர்ந்த ரெயின்பாடா கிராமத்தில், யாசகம் பெற்று வாழும் நாடோடிச் சமூகத்தினர் 5 பேரைப் பிள்ளை பிடிப்போர் என்று எண்ணிக் கூட்டம் ஒன்று அடித்துக் கொன்றது. அவர்கள் செய்த பிழை அவ்வூருக்கு அந்நியராக இருந்தது ஒன்றே.

இவை எங்கோ நடந்தவை என்று நாமும் எண்ணியிருந்தோம். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு நாள் மாலை, தில்லியில் நம் குடியிருப்பில் இஸ்திரி போடும் தொழிலாளி, தேய்த்த துணிகளுடன் வாசலில் நின்றார். பீகாரைச் சேர்ந்தவர்; எட்டு ஆண்டுகளாக நமக்குத் தெரிந்தவர். துணிகளைக் கொடுத்தவர் போகாமல் தயங்கி நின்று, "ஐயா, உங்கள் ஊரில் எங்கள் ஆட்களை வெட்டுகிறார்களாமே, உண்மையா?" என்று இந்தியில் கேட்டார். அவர் காட்டிய கைப்பேசியில் இரத்தம் தோய்ந்த ஒரு காட்சி ஓடியது. இடம் தமிழ்நாடு என்று கீழே எழுதியிருந்தது. அதே வாரத்தில் தமிழ்நாட்டு அரசும் காவல்துறையும் அச்செய்திகள் பொய்யென மறுத்தன. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகளின் குழு தமிழ்நாட்டுக்கு வந்து தொழிலாளர்களை நேரில் கண்டது. வேறிடத்து நிகழ்ச்சிகளின் படங்களே தமிழ்நாட்டில் எடுத்தவையாகக் காட்டப்பட்டன என்பதும், ஹோலிப் பண்டிகைக்காக ஊர் திரும்பியோரின் ரயில் கூட்டமே அஞ்சி ஓடுவோரின் கூட்டமாகச் சித்திரிக்கப்பட்டது என்பதும் பின்னர் வெளியாயின. ஆனால் அன்று மாலை நம்மிடம் அவ்விளக்கம் எதுவும் இல்லை. "அப்படி இராது" என்று மட்டும் சொன்னோம். அச்சொல்லை அவர் எதற்காக நம்ப வேண்டும்?

"என் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்" என்றார் அவர். எட்டு ஆண்டுகளில் நாம் அதை ஒருமுறையேனும் கேட்டறியவில்லை. திருநெல்வேலியில் உள்ள நம் உறவினர் அன்று காலை என்ன பலகாரம் உண்டனர் என்பது நமக்குப் படத்துடன் தெரியும். நம் வாசலுக்கு நாள்தோறும் வருபவரின் உடன்பிறந்தான் நம் நாட்டிலேயே பிழைக்கிறான் என்பது தெரியாது. உடனே தம்பியை அழைக்கச் சொன்னோம். அவனும் முகம் தெரியும்படி வந்தான். பின்னால் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தனக்கும் அக்காட்சி வந்ததென்றும், இங்கே அப்படி ஒன்றும் இல்லையென்றும், அம்மாவிடம் சொல்ல வேண்டாமென்றும் கூறினான். அண்ணன் முகம் தெளிந்தது. பொய்யைக் கொண்டுவந்த அதே கருவிதான் இரண்டு நிமிடங்களில் மெய்யையும் கொண்டுவந்தது. கேட்பதற்குத் தெரிந்த ஒரு மனிதன் மறுமுனையில் இருந்தான் என்பதே வேறுபாடு.

இதற்குச் சட்டமும் நிறுவனங்களும் சில தடைகளை ஏற்படுத்தியுள்ளன. ஒரு செய்தியை ஒரே முறையில் ஐவருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் 2018-இல் இந்தியாவில் வரம்பு விதித்தது. பலமுறை கைமாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக் குறி இடப்படுகிறது. 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு தடவைக்கு ஓரிடத்திற்கே அனுப்பலாம். அந்த இரட்டை அம்பு, 'இதை அனுப்பியவர் எழுதவில்லை. எழுதியவரை அவர் அறியார்' என்று நமக்குச் சொல்லும் எச்சரிக்கையாகும். ஆயினும் ஐந்தைந்தாகப் பெருகினாலும் பொய் ஊரைச் சுற்றிவிடும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஒரு நியதி உண்டு. மூலத்தைப் பாராமல் எதையும் பெயர்க்கலாகாது. பெயர்த்ததன் கீழ் ஒப்பமிடுபவரே அதன் பிழைக்கும் பொறுப்பாளி. வெளி மாநிலத்தில் வாழும் தமிழர் ஒவ்வொருவரும் ஒருவகையில் மொழிபெயர்ப்பாளரே. இவ்வூர்ச் செய்தியைத் தமிழில் ஊருக்குச் சொல்கிறோம். நம் ஊர்ச் செய்தியை அண்டை வீட்டாருக்கு அவர்கள் மொழியில் சொல்கிறோம். ஆகவே இந்நியதி நம் எல்லோருக்கும் பொருந்தும். ஒரு செய்தி வந்தால், எங்கே, எப்போது நடந்தது, கண்டவர் யார் என்று கேட்போமாக. விடை கிடைக்காதவரை அதை நம்மோடு நிறுத்திக்கொள்வோமாக. அந்த இடத்தில் நமக்குத் தெரிந்தவர் இருந்தால் அவரை நேரே அழைப்போமாக. தெரிந்தவர் வேண்டுமானால், நாம் வாழும் தெருவில் உள்ளவர்களோடு முன்னரே பேசியிருக்க வேண்டும். அதற்கு இணையம் உதவாது.

அந்த இஸ்திரித் தொழிலாளி இன்றும் நம் வாசலுக்கு வருகிறார். அவருடைய தம்பி திருப்பூரிலேயே இருக்கிறான். தமிழும் பேசக் கற்றுக்கொண்டானாம். இப்பொழுதெல்லாம் ஊரில் மழை பெய்ததா என்று அவர் நம்மைக் கேட்பதில்லை. நாம்தான் அவரைக் கேட்கிறோம்.