பெரும்பொழுது மாறினும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



குறுந்தொகையின் 98ஆம் பாடலில் ஒரு வீட்டுத் தோட்டம் இடம்பெறுகிறது. பிரிந்து சென்றவன் இன்னும் திரும்பவில்லை. தலைவியின் நெற்றியில் பசலை படர்ந்துவிட்டது. அந்நிறத்தை அவனுக்கு உணர்த்த அவள் நாடுவது பொன்னை அன்று. தன் வீட்டுப் படப்பையில் மழைக்குத் தழைத்த பீர்க்கின் பூக்கள் சிலவற்றை எடுத்துச் சென்று காட்டுவார் எவரேனும் கிடைத்தால் நல்லது எனத் தோழியிடம் சொல்கிறாள். கூட்டுக்கும் துவையலுக்கும் வளர்க்கப்படும் ஒரு கொடி, ஒரு பெண்ணின் துயருக்குச் சான்றாக நிற்கிறது.

அந்தப் பீர்க்கு உரிய காலத்து மழையில் பூத்தது. உரிய காலம் வருமுன்னரே மழை வந்தால் படப்பையில் என்ன நிகழும்? 2025ஆம் ஆண்டின் கோடை அதற்கு விடை தந்தது. வழக்கமாக ஜூன் முதல் நாளை ஒட்டிக் கேரளத்தை அடையும் தென்மேற்குப் பருவமழை, அவ்வாண்டு மே 24இலேயே வந்தது. 2009க்குப் பின் அவ்வளவு முன்னதாக அது வந்ததில்லை. அம்மாதம் இந்தியாவில் சராசரியாக 126.7 மில்லிமீட்டர் மழை பெய்தது. 1901 முதலான பதிவுகளில் மே மாதத்திற்கு அதுவே மிகுதி. தமிழகத்திலும் கத்திரி வெயில் காய வேண்டிய நாட்களில் பல ஊர்களில் மாலைதோறும் இடி முழங்கியது.

அத்தகைய கோடையில் கொல்லைப்புறத்தில் நாலு பாத்தி வைத்திருக்கும் ஒரு பெண்மணியை எண்ணிப் பார்க்கலாம். மழையைக் கண்டு முதலில் மகிழ்பவள் அவளே. கிணற்று நீரை இறைத்துச் சுமக்கும் வேலை குறைகிறது. கடும் வெப்பத்தில் பூவுதிர்த்து நின்ற தக்காளி, குளிர்ச்சி கண்டு பிஞ்சு பிடிக்கிறது. ஆனால் முன்னரே காய்த்துப் பழுக்கும் தறுவாயில் இருந்தவை வெடிக்கின்றன. வறண்டிருந்த வேர் திடீரென நீரை உறிஞ்ச, உள்ளே சதை பெருக்கும் வேகத்திற்குத் தோல் ஈடுகொடுப்பதில்லை. பங்குனி முதல் ஆனி வரை வெயிலை நம்பிப் பூக்கும் குண்டுமல்லியின் மொட்டுகள் நனைந்து பழுப்பேறுகின்றன. பறித்துத் தொடுத்தாலும் மாலை வரை தாங்குவதில்லை. மண் தெறித்த கத்தரிக்காய் அழுகுகிறது. அவள் பாத்திக்கு வடிகால் வெட்டுகிறாள். செடியின் அடியில் காய்ந்த சருகைப் பரப்புகிறாள்.

பந்தலில்தான் வியப்பு காத்திருக்கிறது. ஒரே மழையில் நனைந்த இரு கொடிகளுள் பரங்கி காய்க்கிறது, பீர்க்கு காய்ப்பதில்லை. பீர்க்கு வாடவில்லை, இலை செழித்துப் பந்தலெங்கும் மஞ்சளாய்ப் பூத்திருக்கிறது. எனினும் பெண்பூவின் அடியிலுள்ள பிஞ்சு சில நாட்களில் மஞ்சளித்து உதிர்ந்துவிடுகிறது. காரணம் பொழுதில் இருக்கிறது. பரங்கி விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் குவிவது. பீர்க்கோ மாலையில் மலர்வது. கோடையின் இடிமழை பெரும்பாலும் மாலையில் வருவது. விடியலுக்கு வானம் தெளிந்துவிடுவதால் பரங்கிக்குத் தேனீ வருகிறது. பீர்க்கு இதழ் விரிக்கும் வேளையிலோ மகரந்தம் நனைந்துபோகிறது; நாடிவர வேண்டிய பூச்சிகளும் பறப்பதில்லை.

இதை உணர்ந்தவள் மழையோடு வழக்காடுவதில்லை. மாலை நாலு மணிக்கே, விரியவிருக்கும் ஆண்மொட்டுகளைக் காம்போடு கிள்ளி வந்து அடுக்களையில் டம்ளர் நீரில் வைக்கிறாள். பெண்மொட்டுகளுக்குப் பாலித்தீன் உறை மாட்டிவிடுகிறாள். மழை ஓய்ந்ததும் கைவிளக்கோடு சென்று, நனையாத ஆண்பூவைப் பெண்பூவில் மெல்லத் தொடுவிக்கிறாள். எல்லாம் காய்ப்பதில்லை, சில காய்க்கின்றன. அவ்வாண்டின் கூட்டுக்கு அவை போதும்.

தொல்காப்பியம் முல்லைக்குக் காரை மட்டும் வகுத்து நிறுத்தவில்லை. மாலையையும் உடன் வைத்தது. பெரும்பொழுதும் சிறுபொழுதும் சேர்ந்தே முதற்பொருளாயின. பெரும்பொழுது பிழைக்கக்கூடும் என்பதைப் பழம்புலவர்களும் அறிந்திருந்தனர். குறுந்தொகையின் 66ஆம் பாடலில், காலமல்லாக் காலத்து மழையைக் கார் என மயங்கிப் பூத்துவிட்டது கொன்றை என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். தேற்றுவதற்காகச் சொன்ன சொல்லாயினும், பருவம் தவறியும் மழை வரும் என்பதை அறிந்த நெஞ்சிலிருந்தே அது பிறந்திருக்க முடியும்.

இளவேனிலில் கார் புகுந்துவிட்ட ஆண்டில் அந்தப் பெண்மணிக்குத் துணைநின்றது சிறுபொழுதே. மாதம் பொய்த்தது, மாலையும் விடியலும் பொய்க்கவில்லை. மழை எப்போது வந்தாலும் பரங்கி விடியலில்தான் மலரும். பீர்க்கு மாலையில்தான் மலரும்.

கவிஞர்கள் கருத வேண்டியது இதுவே. சித்திரை என்றால் வெயில், ஐப்பசி என்றால் அடைமழை என எழுதிப் பழகிய கை, பருவங்கள் நிலைமாறும் நாளில் பொய்யெழுதத் தொடங்கிவிடும். பூவின் பெயரை நிகண்டு தரும். பூ விரியும் வேளையைப் படப்பை மட்டுமே தரும். பந்தல் நிறையப் பூத்திருப்பது கண்டு மகிழ்வது எளிது. அவற்றுள் எது காய்க்கும், எது உதிரும் என்று மாலையில் விளக்கேந்திச் சென்று பார்ப்பதே உழைப்பு. பத்தாண்டுகள் கவிதை வளர்த்த இவ்வட்டத்தின் பந்தலிலும் அத்தகைய விளக்கு ஒன்று அணையாது எரிவதாகுக.