பிறப்பும் சர்வகலாசாலை வாசலும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிறநாடு சென்று கற்க விரும்பும் மாணவர் சிலர் அண்மையில் என்னிடம், "அமெரிக்காவிலே பெற்றோர் படித்த சர்வகலாசாலையிற் பிள்ளைக்கு எளிதில் இடம் கிடைக்குமாமே, உண்மையா?" என்று வினவினர்.

உண்மைதான், ஆனால் எல்லாவிடத்துமன்று. ஹாவாட் சர்வகலாசாலைமீது தொடுக்கப்பட்ட வழக்கு 2018ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரில் விசாரிக்கப்பட்டபோது, அதன் அநுமதிக் கணக்குகள் வெளிவந்தன. ஆறு ஆண்டுக் கணக்கின்படி, அங்கே கற்றோரின் பிள்ளைகளுள் விண்ணப்பித்தவரில் நூற்றுக்கு ஏறக்குறைய 34 பேர் இடம்பெற்றனர். ஏனையோரில் 6 பேரே. இவ்வேறுபாடு முழுவதும் சலுகையின் பயன் என்று சொல்லலாகாது. கற்றோர் வீட்டுப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையும் நூல்களும் வழிகாட்டலும் இயல்பாகவே கிட்டுகின்றன. எனினும், ஒத்த தகுதியுடைய இருவர் வாசலில் நிற்கையில், உறவு ஒருவர் பக்கம் தராசைச் சாய்க்கிறது.

இவ்வழக்கம் தோன்றிய வரலாறு சிந்திக்கத்தக்கது. 1920களில் யூத மாணவர் தொகை பெருகக் கண்ட சில புகழ்பெற்ற கலாசாலைகள், பரீட்சைப் பெறுபேறு மட்டும் போதாதெனக் கூறிக் குடும்பப் பின்னணியையும் நோக்கத் தொடங்கின. புதியவரைத் தடுக்க இட்ட வேலி, பழையவரின் சந்ததிக்கு உரிமையாயிற்று.

இதனை எதிர்ப்போரும் அந்நாட்டவரே. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் இச்சலுகையை வழங்குவதில்லை. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலை 2014இலும், அமேர்ஸ்ற் கல்லூரி 2021இலும் அதனைக் கைவிட்டன. இனத்தைக் கருதி இடமளிப்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் தடுத்தது. அதன்பின், "குடும்பத்தைக் கருதுவது மட்டும் தகுமோ?" என்ற கேள்வி வலுத்தது. கலிபோர்ணியா மாநிலம் தனியார் சர்வகலாசாலைகளிலும் இதனைத் தடுக்க 2024இற் சட்டமியற்றியது. அது 2025 செப்தெம்பரில் நடைமுறைக்கு வந்தது.

நமது நாட்டிலே உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் மாவட்டமும் நோக்கப்படுகின்றன. தந்தை எங்கே கற்றார் என்பதற்குப் புள்ளியில்லை. இது நல்லதே. ஆனால் நாம் குற்றமற்றவரோ? முன்னொரு காலத்தில் ஓர் உதவிப்பணக் குழுவில் நான் இருந்தேன். இரு விண்ணப்பங்கள் வந்தன. ஒன்று என் நண்பரின் மகனுடையது. மற்றது முன்பின் அறியாத ஒரு கூலியாளரின் மகளுடையது. "நமக்குத் தெரிந்த பிள்ளை" என்ற ஒரு சொல்லாலே நான் முடிவு செய்துவிட்டேன். அப்பிள்ளையின் தேவை பெரிதென்பதைப் பின்னரே அறிந்தேன். அது இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

வாலிபர்களே, நாளை நீங்களும் இத்தகைய குழுக்களில் அமர்வீர்கள். அப்போது "இவர் யாருடைய பிள்ளை?" என்று கேளாதீர்கள். "இவருக்கு என்ன தகுதி, என்ன தேவை?" என்று கேளுங்கள். உறவில்லாத பிள்ளைக்கும் திறக்கும் வாசலே கல்வியின் வாசல்.