தங்கவயலில் கைகளின் கவியரங்கம்

காது கேளாத கவிஞர் மேடையேறும்போது ஒலிபெருக்கிக்கு வேலை இல்லை, விளக்குக்குத்தான் வேலை. பொழுது சாய்ந்தபின் திறந்தவெளியில் நடக்கும் கவியரங்கம் கருத வேண்டிய முதல் செய்தி இது. வெளிச்சம் முன்னாலிருந்து கவிஞரின் முகத்திலும் கையிலும் விழ வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு குழல்விளக்கு எரிந்தாலே போதும், கவிதை நிழலாகிவிடும். பின்திரை பூவேலை இல்லாத கருந்துணியாக இருப்பது நலம். முன்வரிசையின் குறுக்கே ஒருவர் நடந்தால், கேட்போர் சபையில் நடுவரியில் கூச்சலிட்டதற்குச் சமம்.

சைகைமொழி வெறும் சாடை அன்று. தனக்கென இலக்கணம் உடைய முழு மொழி. 1960இல் மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்கச் சைகைமொழியை ஆராய்ந்து இதை நிறுவினார். எட்டு வயதில் செவித்திறனை இழந்த வேல்ஸ் நாட்டு டோரதி மைல்ஸ் சைகைக் கவிதைக்கு முன்னோடிகளுள் ஒருவர். தமிழ்ச் செய்யுளுக்கு எதுகை மோனை எப்படியோ, அப்படி இங்கே கைவடிவம் திரும்பத் திரும்ப வரும். விரித்த ஐந்து விரல் மழையாய் இறங்கலாம். விரிப்பு மாறாமல் அதே கை கிளையாகி, இலையாகி அசையலாம். புருவமும் தோளும் பொருள் சொல்லும். ஆகவே சைகைக் கவிஞரை மேடை ஓரத்தில் நிறுத்தி, பேசுவோரின் கவிதைக்குத் துணை சேர்ப்பது பெருங்குறை. அவர் நடுவில் நிற்க, அவருடைய கவிதையைக் குரலில் தருபவரே ஓரத்தில் நிற்க வேண்டும்.

1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சு முறையே வேண்டும் என்று தீர்மானித்தது. கையை அடக்கி உதட்டைப் பார்க்கச் சொல்லும் அந்தப் போக்கு இந்திய வகுப்பறைகளையும் நெடுங்காலம் ஆண்டது. 2010இல் வான்கூவரில் கூடிய அதே கல்வியாளர் மாநாடுதான் அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்தது. இந்தியாவில் இந்தியச் சைகைமொழி ஆய்வு பயிற்சி மையம் 2015இல்தான் தொடங்கியது.

மிலான் மாநாடு கூடிய அதே 1880இல்தான் ஜான் டெய்லர் நிறுவனம், இக்கவியரங்கம் நடக்கும் கோலார் தங்கவயலில் தங்கம் எடுக்க இறங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரே சுரங்கத்துக்கு வந்தனர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் சுரங்கத்தை எட்டியது. பெங்களூருக்கு வெளிச்சம் அதற்குப் பிறகே. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். நிர்வாகம் அவர்களின் கையை உழைப்புக்கும் ரேகைக்கும் மட்டுமே கேட்டது. அந்தக் கைகள் எழுதவும் செய்தன. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப்பின் 1926 முதல் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் இங்கிருந்தே வந்தது. பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்தது தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை. பிறர் பேச இடம் தராதபோது தாமே அச்சு கோத்த ஊர் இது. காது கேளாதோரின் கவிதைக்கு மேடை அமைக்க இதைவிடப் பொருத்தமான ஊர் அரிது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது; அதில் உழைத்தோரின் செவியையும் இம்மேடை மறக்கலாகாது. பாறையைத் துளையிடும் இயந்திரத்தின் இரைச்சல் செவியைக் கெடுக்கும் என்பது சுரங்கத் தொழில் எங்கும் அறிந்த உண்மை. முதுமையில் செவி மங்கிய சுரங்கத் தொழிலாளி சைகைமொழி கற்றவர் அல்லர். அவருக்குத் தமிழ் எழுத்து வேண்டும். பிறவியிலேயே காது கேளாமல் சைகையில் வளர்ந்த இளைஞருக்கோ அதுதான் தாய்மொழி. ஒரே அரங்கில் இருவரும் அமர்வதால், கவிதை கையில் நிகழும்போதே அதன் தமிழ் வடிவம் திரையில் பெரிய எழுத்தில் ஓட வேண்டும். அரங்கத்தின் செலவுக் கணக்கில் பந்தலுக்கும் நாற்காலிக்கும் முன்பாகச் சைகைமொழிபெயர்ப்பாளரின் ஊதியத்தையும் எழுத்துத் திரையையும் எழுதிக்கொள்ளுமாறு ஊர்ச் சங்கங்களையும் நூலகங்களையும் இம்மேடை கேட்டுக்கொள்கிறது.