வீணைக்கு மேளங் கட்டுவோம்



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சில வீடுகளில் வீணை வாசிப்பாரின்றிக் கிடக்கக் காண்கின்றோம். “மெட்டுத் தேய்ந்துவிட்டது” என்பர்.

மின்சாரக் கிற்றாரின் மெட்டுகள் மரத்திற் கீறிய பள்ளங்களில் இறுகியவை. தேய்ந்தவற்றைப் பிடுங்கிப் புதியன அடித்தாலும் இடம் மாறா. வீணையின் 24 மெட்டுகளோ கரித்தூள் கலந்த மெழுகில் நிற்பவை. தந்தி உராய்ந்து மெட்டிற் பள்ளம் விழும். வெப்பத்தில் மெழுகு இளகி மெட்டு நகரும். அப்போது மெட்டுகளை அராவி, புதுமெழுகிட்டு, ஒவ்வொன்றையும் செவியாற் சோதித்து நிறுத்தல் வேண்டும். ஏறக்குறையத் தந்தியின் நடுவில் நிற்கும் 12ஆம் மெட்டில் சாரணித்தந்தி மேல் ஸட்ஜம் ஒலிக்க வேண்டும். இதுவே மேளங் கட்டுதல்.

கிற்றார் திருத்தும் இளங்கைகள் இதனையும் பழகட்டும். சுரமறிந்த பெரியோர் அருகிருந்து பிசகு சொல்லட்டும். கையும் செவியும் கூடினால், உறங்கும் வீணை மீண்டும் பேசுமென்று கூறி அமைகின்றோம்.