நோய் தந்த உளி



மரத்தை ஓரறிவுயிர் என வகுத்தது தொல்காப்பியம். உற்றறிதல் ஒன்றே அதன் அறிவு. அத்தகைய உயிரின் மரபையே மாற்றியமைக்கும் கலை இன்று மனிதன் கைக்கு வந்துள்ளது. அக்கலையைக் கற்பித்த ஆசான் ஒரு நோய்க்கிருமி என்பது வியப்புக்குரியது.

மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர், காயம்பட்ட செடியிலிருந்து கசியும் வேதிப்பொருள்களை உணர்ந்து அவ்விடத்தை நாடும். தன் மரபுப்பொருளின் ஒரு துண்டைச் செடியின் உயிரணுவுக்குள் செலுத்தும். அத்துண்டு செடியின் மரபோடு இணைந்துவிட, அங்கே கழலை தோன்றும். அக்கழலைக்கு இக்கிருமியே காரணம் என்பதை ஸ்மித், டவுன்சென்ட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1907இல் நிறுவினர். கிருமியின் மரபுத் துண்டு செடிக்குள் குடியேறுவதை மேரி டெல் சில்ட்டனும் அவருடன் உழைத்தோரும் 1977இல் மெய்ப்பித்தனர்.

கழலையை விளைவிக்கும் மரபணுக்களை நீக்கிவிட்டு, வேண்டிய மரபணுவை அவ்விடத்தில் வைத்தால், கிருமி அதனையும் சுமந்து சென்று சேர்க்கும். நோய் நீங்கியது; அதன் தொழில்திறம் மட்டும் எஞ்சியது. 1987இல் பாப்லர் மரத்தில் இம்முறை வெற்றி கண்டது. பூச்சியை எதிர்க்கும் பாப்லரை வணிக நோக்கில் நடுவதற்குச் சீனா 2002இல் இசைவளித்தது.

ஆயினும் இக்கலையின் பெருமையும் இடரும் ஒருங்கே புலப்படுவது அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்தின் வரலாற்றில்தான். அப்பலாச்சிய மலைக்காடுகளில் ஓங்கி நின்று, மனிதருக்கும் விலங்குக்கும் கொட்டைகளை வாரி வழங்கிய மரம் அது. ஆசியாவிலிருந்து வந்த பூஞ்சை நோயொன்று 1904இல் நியூயார்க்கில் அம்மரத்தில் கண்டறியப்பட்டது. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் முந்நூறு கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் மாண்டன. வேர் மட்டும் மண்ணுக்குள் உயிரோடிருக்கிறது. அதிலிருந்து தளிர் எழும். சில ஆண்டுகள் வளரும். பெரும்பாலும் பூத்துக் காய்க்குமுன்னே மீண்டும் நோய்வாய்ப்பட்டுச் சாயும்.

அப்பூஞ்சை ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து பட்டையின் உயிர்த்திசுவை அழிக்கிறது. அவ்வமிலத்தைச் சிதைக்கும் நொதி கோதுமையில் உண்டு. அதற்குரிய மரபணுவை அக்ரோபாக்டீரியத்தின் வழியாகச் செஸ்ட்நட் மரத்தில் சேர்க்க, நியூயார்க் மாநிலச் சிரக்யூஸ் நகரத்து வனவியல் கல்லூரியில் வில்லியம் பவல், சார்லஸ் மேனார்ட் ஆகியோர் பல்லாண்டு உழைத்தனர். பூஞ்சையைக் கொல்லாமல் அதன் நஞ்சை மட்டும் ஆற்றும் வழி இது. 'டார்லிங் 58' எனப் பெயரிட்ட மரவகையைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்குமாறு 2020இல் அரசிடம் விண்ணப்பமும் சென்றது.

2023இல் அதிர்ச்சி தரும் உண்மை வெளிப்பட்டது. பல ஆண்டுகளாக 'டார்லிங் 58' என்று வளர்த்து ஆய்ந்த மரங்கள், மெய்யாகவே 'டார்லிங் 54' என்னும் வேறு வகையைச் சேர்ந்தவை. புகுத்திய மரபணு ஒன்றே. அது அமர்ந்த இடம் வேறு. மரங்களின் வளர்ச்சியும் நோய்தாங்கும் திறனும் எதிர்பார்த்தவாறு அமையவில்லை எனக் கூறி, அமெரிக்கச் செஸ்ட்நட் அறக்கட்டளை அவ்வாண்டு டிசம்பரில் தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. கல்லூரியோ முயற்சியைக் கைவிடவில்லை. அதற்கு முந்தைய மாதத்தில்தான் பவல் காலமாகியிருந்தார்.

இந்நிகழ்ச்சி கொண்டு இக்கலையையே பழிப்பது அறமாகாது. மண்ணுக்குள் தவிக்கும் வேரைக் கண்டும் வாளாவிருப்பதும் ஒரு முடிவே. அதன் விளைவுக்கும் மனிதனே பொறுப்பு. எனினும் காட்டு மரம் வயற்பயிர் போன்றதன்று. நெல்லில் பிழை நேர்ந்தால் அறுவடையோடு நிறுத்தலாம். மரமோ நூறாண்டு நிற்கும். அதன் மகரந்தம் காற்றோடும் வண்டோடும் காடெங்கும் பரவும். ஒரு பெயர்ச்சீட்டில் நேர்ந்த பிழை வெளிப்படவே பல ஆண்டுகள் ஆயின என்றால், காட்டில் கலந்த பிழை வெளிப்பட எத்தனை தலைமுறை வேண்டும்?

மரபணுவைச் சேர்ப்பதற்குக் கிருமிக்குச் சில நாட்கள் போதும். சேர்த்தது நன்றா எனச் சான்று பகர மரத்துக்குப் பல்லாண்டு வேண்டும். மனிதனின் அவசரம் அந்தச் சான்றுக்குக் காத்திருக்கக் கற்கும் நாளில்தான், நோய் தந்த இவ்வுளி காட்டுக்கு நன்மை செய்யும்.