உப்பளமும் உடல்நலமும்
(மரக்காணத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சென்ற கோடையில் நம் வகுப்பு மாணவி ஒருத்தி பத்து நாள் பள்ளிக்கு வந்திலள். வினவியபோது, உப்பளத்தில் மயங்கி வீழ்ந்த தாய்க்குத் துணையிருந்தனள் என்றறிந்து வருந்தினோம். அளத்தில் ஒதுங்க மறைவிடமின்மையால் நம் பெண்டிர் பகல் முழுதும் நீரருந்தாது உழைக்கின்றனர். வெயிலின் வெம்மையும் நீரின்மையும் கூடின், நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கேடும் விளையும். இதனை விதியென்று பொறுத்திருத்தல் தகுமோ?

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே சிட்டிலிங்கி என்றோர் பள்ளத்தாக்கு உளது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையே, ஆயிரம் குழவிகள் பிறப்பின் 147 குழவிகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1993-ஆம் ஆண்டில் மருத்துவர் ரெஜி ஜார்ஜும் அவர்தம் மனைவியார் மருத்துவர் லலிதாவும் ஒரு குடிசையில் வைத்தியசாலை தொடங்கினர். அவர்கள் மருந்தளித்ததோடு அமையாது, அவ்வூர்ப் பெண்களுக்கே பயிற்சியளித்தனர். அப்பெண்கள் கருவுற்றோரையும் குழவிகளையும் வீடுதோறும் சென்று பேணினர். பின்னர்ச் சிசு மரணம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆகக் குறைந்தது. மக்கள் தம் நலம் பேணுவதில் தாமே பங்குகொள்ளுதல் உரிமையும் கடமையுமாம் என 1978-இல் அல்மா ஆட்டா மாநாட்டில் உலக நாடுகள் கூறியதும் இதுவே.

நம் அரசினரும் 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினர். இல்லம் தேடி வருவாரிடம் நாணத்தால் நோயை மறைப்போமாயின், பயன் யாது?

ஆதலின் நாம் மூன்று காரியங்களை வேண்டுகின்றோம். தெருவுக்கொரு பெண்ணைத் தேர்ந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தாரிடம் பயிற்சி பெறச் செய்தல் வேண்டும். நம்முள் அளம் உடையோர், வரப்பருகே நிழற்பந்தலும் குடிநீரும் பெண்டிர்க்கு மறைவிடமும் அமைத்தல் வேண்டும். வாரம் ஒரு மாலை, நம் சங்கக் கூடத்தில் சுகாதாரப் பாடம் நடத்தல் வேண்டும்.

மற்றொன்று. அப்பாடத்திற்கு நம்முடன் அளத்தில் உழைக்கும் இருளர்களையும் அழைத்தல் வேண்டும். அவர்கள் நம் சங்கத்து அங்கத்தினரல்லர் என்பீர். ஒரே பாத்தியில், ஒரே உப்புநீரில், ஒரே வெயிலில் நிற்கின்றனரன்றோ? நோய் நம் அங்கத்தினர் பட்டியலைப் பார்த்து வருவதில்லை. இச்சொல் சிலர்க்குக் கசக்கலாம், மருந்தும் கசப்பதே.

அம்மாணவி இன்று பள்ளிக்கு வருகின்றாள். அவள் தாயோ மீண்டும் அளத்திற்கே செல்கின்றாள். அடுத்த கோடை வருமுன் அங்கே நிழலும் நீரும் இருத்தல் வேண்டும். இக்கூட்டம் கலையுமுன் அதற்குரிய தீர்மானத்தை நிறைவேற்றுமாறு வேண்டி அமர்கின்றோம்.