எஞ்சினும் காற்றும்

இடுக்கி மாவட்டத்தில், தொடுபுழையை அடுத்த தட்டக்குழையைச் சேர்ந்தவர் சஜி தாமஸ். செவிப்புலனும் பேச்சும் வாய்க்கப்பெறாதவர். அவர் தம் கையால் கட்டிய சிறு விமானம் 2014இல் வானில் பறந்தது. இத்தகைய முயற்சியில் இறங்குவோர் முதலில் அஞ்சவேண்டுவது எஞ்சினின் சூட்டையே. சூடு மிஞ்சினால் நடுவானில் எஞ்சின் நின்றுவிடும்.

காற்றால் குளிரும் எஞ்சினில், சிலிண்டர்களைச் சூழ்ந்த தகட்டு வரிசைகளினூடே காற்று புகுந்து வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. எஞ்சின் சுட்டால், மூடியின் முன்வாயை அகலமாக்கத் தோன்றும். ஆனால், வெளியேற வழியில்லாத காற்று உள்ளே வருமோ? பின்வாயைச் சற்றே பெரிதாக்கி, அதன் விளிம்பை வெளிப்புறம் சாய்த்தால், அங்கே அழுத்தம் குறைந்து காற்று இழுபடும். சிலிண்டரைத் தீண்டாது நழுவும் காற்றும் வீணே. ஆகவே தடுப்புத் தகடுகளின் இடுக்குகளை ரப்பர்ப் பட்டைகொண்டு அடைத்தல் வேண்டும்.

காந்தலூர் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. மலைக்காற்று குளிர்ந்ததாயினும் மெலிந்தது. மேலேறும்போது வேகம் குறைவு, எஞ்சினுக்கோ உழைப்பு மிகுதி. அப்போது வெப்பமானியின் முள் உயருமாயின், மூக்கைத் தாழ்த்தி வேகம் கூட்டுக.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்து, அளந்து பார்த்து, பிறகே அடுத்ததைத் தொடுங்கள். சூட்டைக் காது அறியாது, முள்ளே அறியும்.